தாடிக்காரனுக்கு ஹார்டனர் இல்லை

பாடாங் செராயில் அந்த அக்கா கடை வைத்திருந்த வரைக்கும், கார் பெயிண்ட் வாங்கப் போகிறவன் பர்சை மறந்தாலும் மாஸ்க்கை மறக்கமாட்டான். பர்சை மறந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். மாஸ்க்கை மறந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நானே ஆரம்பத்தில் எத்தனையோ தடவை அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருக்கிறேன், வாய்க்குள் திட்டிக்கொண்டேதான்.

கடைக்குள் நுழைந்தால் என்ன வேணும் என்ற கேள்வி இரண்டாவதுதான் வரும். முதலில் மாஸ்க்கைப் போட்டுக் காட்டவேண்டும். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க், பார்த்திருப்பீர்கள். அக்கா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த வடிகட்டிகளை அடைத்துப் பிடித்துக்கொண்டு "இழு" என்பார். நாம் மூச்சை இழுக்கவேண்டும். காற்று வர வழியில்லாமல் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் பாஸ். எங்கேயாவது ஓரத்தில் புஸ்ஸென்று காற்று நுழைந்தால், வாரை இறுக்கிவிட்டு மறுபடியும் "இழு." மலாய்க்காரர் வந்தால் அதையே மலாயில் "தாரிக்." சீனர் வந்தாலும் "தாரிக்." நாற்பது வயது ஆளின் முகத்தை, ஊசி போட வந்த பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு அப்புறம்தான் டின் மேசைக்கு வரும்.

வட்டாரத்தில் அவருக்கு இழு அக்கா என்றே பெயர். கல்யாண வீட்டில் பெயிண்டர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், ஒருத்தன் இன்னொருத்தன் கன்னத்தை அமுக்கி "இழு" என்பான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இது அக்கா காதுக்கும் போயிருந்தது. சிரிக்கிறதுக்கும் மூச்சு வேணும்லா, சிரிக்கட்டும் என்று சொன்னாராம்.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். மீதி நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஏர்பிரஷ் பிடிப்பேன். ஹெல்மெட்டில் புலி, மோட்டார் டாங்கியில் நெருப்பு, லாரிக் கதவில் அரிவாளோடு முனீஸ்வரர். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இந்தச் சாமிகள் வெளுக்காமல் நிற்கவேண்டுமென்றால் யூரிதேன் பெயிண்ட்தான் வழி. யூரிதேன் என்றால் இரண்டு டின். ஒன்று சாயம், இன்னொன்று ஹார்டனர். இரண்டும் கலந்தால்தான் கல்லாக இறுகும். அந்த ஹார்டனர்தான் ஆளைச் சாய்க்கிறது. ஏர்பிரஷ் அதைப் பனி மாதிரி ஆக்கி மூக்குக்கு நேராக நிறுத்தும்.

இந்தச் சரக்கு சும்மா கிடைக்காது. கார்க் கடைகளில் இருப்பதெல்லாம் பெரிய டின், கரடுமுரடான சாயம். எங்களுக்கு வேண்டியது ஊசிமுனைக்குள் புகுந்து வருகிற நைஸ் சாயம், அதுவும் கொஞ்சமாக. எல்லையைத் தாண்டி வருகிற பெயர் இல்லாத டின்களை போனிலேயே விற்கிற ஆட்கள் உண்டு. திறந்து பார்த்தால் பாதி தயிர் மாதிரி உறைந்திருக்கும். அக்கா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். பினாங்குக்குப் போன் போடுவார், ஈப்போவுக்குப் போடுவார், ஜோகூரில் யாரையாவது அதட்டுவார். மிட்டாய் மாதிரி மின்னுகிற ஒரு கேண்டி சிவப்புக்காக ஒரு மாதம் காத்திருக்கவைப்பார். ஆனால் வந்து சேருகிற டின் அசல் டின்னாக இருக்கும், அதே கம்பெனியின் ஹார்டனரும் கூடவே வந்திருக்கும். சும்மா சொல்லக்கூடாது, சரக்கு தேடுவதில் அவரை அடித்துக்கொள்ள வடக்கே ஆள் கிடையாது.

ஒருமுறை மெர்போக்கிலிருந்து ஓர் அண்ணன் பெரிய மோட்டாரில் வந்து இறங்கினார். தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, எல்லாம் பலமாகத்தான் இருந்தது. மாஸ்க் எங்கே என்று கேட்டதற்கு, மருந்துக்கடையில் விற்கிற நீலத் துணி மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா மேசை இழுப்பறையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்துத் திறந்து, அவர் மூக்குக்குக் கீழே காட்டினார். வாசனை வருதா என்று கேட்டார். வருது என்றார் அவர். அப்ப எல்லாமும்தான் வரும் என்று சொல்லி மூடியைத் திருகினார். அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. ஆனால் மறுவாரம் புது ரப்பர் மாஸ்க்கோடு வந்து நின்றார்.

அக்காவிடம் எங்களுக்குப் புரியாத சங்கதி ஒன்றும் இருந்தது. கடையில் ஒரு டின்னையும் திறக்கமாட்டார். மற்ற கடைகளில் பெரிய டின்னிலிருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள், நமக்கும் மிச்சம். அக்காவிடம் அது நடக்காது. யாராவது பொறுமை இல்லாதவன் நிறம் பார்க்க அங்கேயே மூடியை நெம்பினால், அவர் சட்டென்று எழுந்து கடைக்கு வெளியே போய், எதிர்க்கடை ஓரமாக நின்றுகொள்வார். அவன் டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனபிறகுதான் உள்ளே வருவார். பெயிண்ட் விற்கிறவருக்குப் பெயிண்ட் வாசனை ஆகாதா என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பெரிய மகாராணி என்று நான்கூட சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், நல்ல கேலிப் பேர்வழி. அவரிடம் கேட்டபோது மட்டும், அதெல்லாம் அப்படித்தான் தம்பி என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மனைவிக்கு இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துபோனது. மூன்றாவது தடவை அவள் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தபோது முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், காவடித் தகடுகளில் மயிலை என் கையாலேயே தீட்டி என் கையாலேயே முடித்துத் தூக்குகிறேன் என்று. கடைகளில் கிடைக்கிற ஸ்டிக்கர் மயில் இல்லை, என் மயில். மகள் பிறந்தாள். கைகால் எல்லாம் ஆட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியே அதிர அழுதுகொண்டு பிறந்தாள்.

மயில் கழுத்துக்கு, பார்க்கிற கோணம் மாறினால் நீலம் பச்சையாகிற சாயம் வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நேரத்தோடுதான் சொன்னேன். ஜோகூரிலிருந்து டின் வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரம் நசுங்கியிருக்கு, உள்ளே காற்று போயிருக்கும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் கெஞ்சினேன். மசியவில்லை. அடுத்த டின் வருவதற்குள் விரதம் தொடங்கிவிட்டது. செருப்பில்லாத கால், சைவச் சாப்பாடு, எடுக்காத தாடி.

டின் வந்துவிட்டது என்று போன் வந்ததும் ஓடினேன். மாஸ்க்கைப் போட்டேன். அக்கா கை வைத்து "இழு" என்றார். இழுத்தேன். தாடி வழியாகக் காற்று சுகமாக உள்ளே வந்தது. வாரை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். என் காது சிவந்ததுதான் மிச்சம். சாயத்தை மட்டும் என் பக்கம் தள்ளினார். ஹார்டனரை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார்.

தைப்பூசத்துக்கு முன்னால் வேலை குவிகிறது, ஹெல்மெட், வேன், காவடி என்று. சரியாக அந்த நேரம்தான் எங்கள் பெயிண்டர் பயல்களில் பாதிப்பேர் தாடி வளர்க்கிறோம். சரக்கை விரதத்துக்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவதால், தாடிமேல் அந்த மாஸ்க் பிடிக்காது என்று ஒருத்தனும் யோசித்ததில்லை. கூட்டாளிகளைக் கேட்டேன். தாடிமேலேயே போட்டு அடிக்க வேண்டியதுதான், இத்தனை வருஷம் நமக்கு என்ன ஆச்சு என்றார்கள். மாமியாரைக் கேட்டேன். தாடியை எடுத்துடுங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார் என்றார். முருகன் கோவிக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனால் வார்த்தை கொடுத்தவன் நான். அந்த மூன்றாவது தடவையில் ஒவ்வொரு நாளும் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு கூட்டாளி நல்ல யோசனை ஒன்று சொன்னான். தாடி முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லியை அப்பிக்கொண்டால் காற்று நுழையாதாம். நானும் ஒரு டப்பாவைக் காலி பண்ணி, தாடியைப் படியச் சீவி, பளபளவென்று போய் நின்றேன். அக்கா கை வைத்தார். "இழு." அட, ஒட்டிக்கொண்டது! நான் கண்ணாலேயே சிரித்தேன். அடுத்த மூச்சுக்கு மாஸ்க் வழுக்கிக்கொண்டு இறங்கித் தொண்டைக்குப் போய்விட்டது. அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார், பிசுபிசுவென்று. சேற்றில் கெளுத்தி பிடிச்ச கை மாதிரி ஆச்சு தம்பி என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நசுங்கின டின்னை வாங்கியிருந்தா நான் தாடிக்கு முன்னாடியே முடிச்சிருப்பேன், உங்களாலதான் எல்லாம் என்று கத்திவிட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தாடி நீ சாமிக்குக் கொடுத்தது. அதுல நான் கை வைக்க மாட்டேன், எடுன்னும் சொல்ல மாட்டேன். ஹார்டனர் நான் கொடுக்கிறது. அதுல நீ கை வைக்காத. எனக்குக் கொஞ்சம் டைம் கொடு."

டைமா? தைப்பூசம் பக்கத்தில் நிற்கிறது, டைமாம். நேரே சுங்கைப்பட்டாணிக்கு விட்டேன். அங்கே ஒரு கடையில் கேள்வி முறை ஒன்றும் கிடையாது. எல்லா ஹார்டனரும் ஒண்ணுதான் பாஸ் என்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. நல்லவேளை, தகட்டில் அடிக்கவில்லை. பழைய மட்கார்டு ஒன்றில் அடித்துப் பார்த்தேன், தாடிமேல் மாஸ்க்கோடுதான். மாஸ்க்குக்குள் வாசனை கும்மென்று வந்தது. மறுநாள் வரைக்கும் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மட்கார்டு காயவே இல்லை. எறும்பு வந்து ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. கொட்டகை வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தொட்டிலில் மகள் சிணுங்கினாள். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவளை எத்தனை வருஷம் தூக்குவேன் என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

அந்த நாட்களில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. தனக்குச் சரக்கு அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டிருக்கிறார். டின்னைப் பற்றிக் கேட்கவில்லை. "தாடியை எடுக்கவே எடுக்காத பெயிண்டர் யாராச்சும் உங்ககிட்ட வாங்குறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பினாங்குக்காரர் சிரித்திருக்கிறார். ஈப்போக்காரர், என்னக்கா மாப்பிள்ளை பார்க்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் அலோர் ஸ்டாரில் ஒருத்தர் சொல்லியிருக்கிறார், மெர்கோங்கில் ஒரு பஞ்சாபிக்காரர் லாரிகளுக்கு அடிக்கிறார், தலைப்பாகையும் நெஞ்சுவரை தாடியுமாக. நாங்களும் பஞ்சாபிக்காரர்களோடுதான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தோம். அவர்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தனாவது கேட்டிருப்பானா?

ஒரு சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. பள்ளி இல்லாத நாளில் பஸ்ஸா என்று எட்டிப் பார்த்தால், அக்காவும் வீட்டுக்காரரும். பின்சீட்டில் பெரிய பிளாஸ்டிக் பையில் சுற்றிய கூடு ஒன்று. தலை முழுவதும் மூடித் தோள்வரை இறங்குகிற கூடு, முன்னால் கண்ணாடி, பின்னால் நீளக் குழாய், குழாயின் கடைசியில் ஒரு சின்ன பம்ப். பம்ப்பைத் தள்ளி நல்ல காற்று இருக்கிற இடத்தில் வைத்தால், அந்தக் காற்று குழாய் வழியே வந்து தலையைச் சுற்றி நிரம்பிக் கீழே வழியும். முகத்தில் ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. தாடி என்ன, சடையே வளர்க்கலாம். அந்தப் பஞ்சாபிக்காரர், சாமி காரியம் என்றதும் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தாராம்.

அக்கா ஹார்டனரை நீட்டினார். உள்ளே வந்து டீ குடிங்க என்று என் மனைவி கூப்பிட்டாள். வரவில்லை. கொட்டகை இருந்த பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் ரம்புத்தான் மரத்தடியில் பம்ப்பை வைக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டுகிற காலம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அந்த இலைகளை வைத்தே பார்த்துக்கொண்டார். பம்ப் பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது, மோட்டாரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசல் வழியாக மீன்காரர்கூட மோட்டாரைத் தள்ளிக்கொண்டுதான் போனாராம்.

நான் உள்ளே கூட்டை மாட்டிக்கொண்டு அடித்தேன். கழுத்தில் நீலம், சாய்த்தால் பச்சை. தோகைக்குப் பொன். மேலே பளபளப்புக்குக் கிளியர். கூட்டுக்குள் ஒரு துளி வாசனை இல்லை. வாசலில் அக்கா மூச்சு விடுகிற அதே காற்றுதான் எனக்கும் வருகிறது என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் முடியாது.

கடைசிக் கோட் பாதியில் காற்று திரும்பிவிட்டிருக்கிறது. வேலை மும்முரத்தில் எனக்குத் தெரியவில்லை. கொட்டகையிலிருந்து வாசல் பக்கமாக வாடை போயிருக்கிறது. எழுந்து வா என்று வீட்டுக்காரர் அக்காவைப் பிடித்து இழுத்திருக்கிறார். பம்ப்பைத் தூக்கினால் குழாய் பிடுங்கிக்கொள்ளும், தனியே விட்டு வரவும் முடியாது, அவன் ஒரு ஓட்டத்தில் இருக்கான், முடிக்கட்டும் என்று சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நான் முடித்துக் கூட்டைக் கழற்றி வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அக்கா பஸ்ஸின் முதல் சீட்டில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் மூச்சு மருந்து. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. விசில் அடிக்கிற மாதிரி சத்தம். நான் கிட்டே ஓடினேன். கையைக் காட்டிப் பொறு என்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச வந்தது.

"நானும் ஸ்ப்ரே அடிச்சவதான் தம்பி. எங்களுக்கு ஒர்க்ஷாப் இருந்துச்சு. கிளியர் கோட்டெல்லாம் நான்தான். ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டு அடிப்பேன். எனக்கும் ஒண்ணும் ஆகலன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஒருநாள் மூச்சு நின்றுபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தது, அதற்குப் பிறகு ஹார்டனர் வாடை கொஞ்சம் பட்டாலும் நெஞ்சு அடைத்துக்கொள்வது, அதனால்தான் ஒர்க்ஷாப்பை விட்டுவிட்டு மூடின டின்னாக விற்கத் தொடங்கியது, எல்லாம் வீட்டுக்காரர்தான் சொன்னார். அன்று அவர் கேலி ஒன்றும் பேசவில்லை. மகாராணி என்று நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

தைப்பூசத்தன்று சுங்கைப்பட்டாணியில் அனல் பறந்தது. ஆற்றங்கரையில் காவடி ஏறும்போதே எல்லாரும் என் மயிலைத்தான் பார்த்தார்கள். நடக்க நடக்கக் கழுத்து நீலமாகி, பச்சையாகி, மறுபடி நீலமானது. பால் சிந்தியது, வெயில் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கூட்டம் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நெரிந்து நின்றுவிட்டது. உறுமி காதைப் பிளந்தது. நாலு பக்கமும் சாம்பிராணி, கற்பூரம், தேங்காய் எரிகிற புகை. தோளில் பாரம். மூச்சு பாதியிலேயே நின்று நின்று போனது. முழங்கால் மடங்கத் தொடங்கியது. மனைவி பிள்ளையோடு பக்கத்தில் வந்து என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது, காதில் விழவில்லை. இங்கேயே கீழே வைத்துவிடப் போகிறேன், வேண்டுதல் இங்கேயே முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். பட்டுச்சேலை, தலையில் பூ, முகத்தில் எங்கள் பெயிண்டர் மாஸ்க், இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டியோடு. தைப்பூசக் கூட்டத்தில் இப்படியொரு கோலத்தை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஊதுவத்திப் புகைக்கே ஒதுங்கிப் போகிறவர், அத்தனை புகைக்குள்ளும் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். மயிலை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேசி என்ன, அந்த உறுமிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கித் தன் மாஸ்க்கின் இரண்டு பக்கமும் வைத்து அடைத்தார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே உள்ளுக்கு இழுத்தார். மாஸ்க் அவர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

நான் இழுத்தேன். அடிவயிறுவரை போனது. முழங்கால் நிமிர்ந்தது, கூட்டமும் ஓரடி வழிவிட்டது, நடந்தேன்.